ஐம்பது ஜூல்

செப்டம்பரில் அமெரிக்காவின் ராக்கி மலைக் காடுகளில் எல்க் மான்களுக்கு இணைசேரும் காலம். நம் கடமானையே பெரிய மான் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்க் இன்னும் ஒரு படி மேலே தெரியும். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். தோள் உயரம் ஒன்றரை மீட்டர். கொலராடோ மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 2,80,000 எல்க் மான்கள் இருக்கின்றன. அதே மாதத்தில்தான் வில் வேட்டைக்கான உரிமம் பெற்றவர்கள் அந்தக் காடுகளுக்குள் நுழைகிறார்கள். பெரும்பாலோர் கையில் இருப்பது கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில். சிறுபான்மையினர் மட்டும் கப்பியோ குறிகாட்டியோ இல்லாத பழைய நெடுவில்லையும் ரீகர்வ் வில்லையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். முழுதாக இழுக்கும்போது அந்த வில்லின் 50 பவுண்டு விசையும் மூன்று விரல்களின் மேல்தான் உட்காரும். அதிலிருந்து புறப்படும் 600 கிரெய்ன் அம்பு, அதாவது 39 கிராம் அம்பு, நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேகத்தில் போகும். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 49 ஜூல் வருகிறது. சுழல்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்திலும் இருப்பது இதே 50 ஜூல்தான். எல்க் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 துப்பாக்கியின் தோட்டாவிலோ 4,000 ஜூலுக்கு அருகில் இருக்கிறது.

அந்தப் பந்து எல்க்கின் விலாவில் பட்டால் மான் திடுக்கிட்டு ஓடும், அவ்வளவுதான். அதே ஆற்றல் கொண்ட அம்பு அதைச் சில நொடிகளில் வீழ்த்துகிறது என்றால், வித்தியாசம் முழுவதும் அம்பின் நுனியில் இருக்கும் சில சென்டிமீட்டர் எஃகில்தான் இருக்க வேண்டும். பிராட்ஹெட் எனப்படும் இந்த அகன்ற வெட்டுமுனைகள் கடைகளில் நூறு வடிவங்களில் கிடைக்கின்றன: இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, நான்கு பிளேடு, பட்டவுடன் விரியும் வகை, விரியாத வகை. விளம்பரங்கள் பெரும்பாலும் அகலத்தைப் பேசும். அகலமான முனை பெரிய காயம், பெரிய காயம் விரைவான மரணம் என்பது அவற்றின் தர்க்கம். பழைய வில்லைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கம் தலைகீழானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆற்றல் குறைவாக இருக்கும் இடத்தில் அகலத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆழத்தை வாங்க முடியும்; எல்க் போன்ற விலங்கிடம் ஆழமே உயிர்நாடி.

முதலில், அம்பு எப்படிக் கொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேகமான தோட்டா, தான் தொடாத திசுவையும் விரித்துச் சிதைக்கும். அம்புக்கு அந்தத் திறன் அறவே கிடையாது. விளிம்பு தொட்டது மட்டும் அறுபடும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருப்பது அப்படியே இருக்கும். ஆகவே அம்பின் வேலை, ரத்தம் நிறைந்த உறுப்பொன்றைக் குறுக்காக அறுப்பது. வில் வேட்டைக்காரர்கள் குறிவைப்பது நுரையீரலை. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் அந்த இலக்கு இருக்கிறது. 300 கிலோ விலங்கின் உடலில் சுமார் 20 லிட்டர் ரத்தம் ஓடும். அதில் மூன்றில் ஒரு பங்கு வேகமாக வெளியேறினால் ரத்த அழுத்தம் சரிந்து மூளைக்கு ஆக்ஸிஜன் நின்றுவிடும். இரண்டு நுரையீரலும் அறுபட்டால் ரத்தமும் போகும், மார்புக்கூட்டுக்குள் காற்று புகுந்து நுரையீரலும் சுருங்கிவிடும். ஆனால் எல்க்கின் மார்பில் இடது நுரையீரலும் வலது நுரையீரலும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று மட்டும் அறுபட்டால் மற்றொன்றை வைத்துக்கொண்டு மான் பல கிலோமீட்டர் மலையேறிப் போய்விடும், சில சமயம் பிழைத்தும்விடும், சில சமயம் எங்கோ ஒரு பள்ளத்தில் நாள்கணக்கில் துடித்துச் சாகும். அகலமா ஆழமா என்ற கேள்விக்கு உடற்கூறு தரும் பதில் இதுதான்: இரண்டாவது நுரையீரலை எட்டாத முனை எத்தனை அகலமாக இருந்தும் பயனில்லை.

கணக்காகவும் பார்க்கலாம். காயத்தின் அளவு என்பது தோலில் தெரியும் துளையின் அளவு இல்லை. உள்ளே அறுபட்ட மொத்தப் பரப்பு. 28 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு பிளேடு முனை 45 சென்டிமீட்டர் மார்பை ஊடுருவி மறுபுறம் வெளியேறினால் அறுபட்ட பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். 38 மில்லிமீட்டர் அகலமுள்ள நான்கு பிளேடு முனைக்கு இரண்டு வெட்டுக்கோடுகள்; அது 15 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் 114. பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் முதல் அம்பு இரண்டு நுரையீரலையும் அறுத்திருக்கிறது, இரண்டாவது அம்பு ஒன்றில் நின்றுவிட்டது. மறுபுறத் துளையால் இன்னொரு நன்மையும் உண்டு. மேலிருந்து கீழ்நோக்கிப் போகும் அம்பு, நுழைந்த இடத்தைவிடத் தாழ்வாக வெளியேறும். ரத்தம் வடிவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த துளை வழியாகத்தான். எல்க்கின் அடர்ந்த ரோமம் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேல்பக்கம் ஒரே துளை இருந்தால் ரத்தம் மார்புக்குள்ளேயே தேங்கும், தரையில் தடயமே விழாது. தடயம் இல்லாத காட்டில், செத்துக் கிடக்கும் மானுக்கு 30 மீட்டர் பக்கத்தில் நடந்து போயும் காணாமல் திரும்பலாம். (வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்புவரை ஐந்து விலங்குகளைத் துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்கிறது. புலவருக்கு அந்த உரிமை உண்டு, 50 ஜூலுக்குக் கிடையாது.)

ஆழத்தைத் தீர்மானிப்பதில் முனையின் வடிவம் முதல் இடம் பெறுகிறது. வெட்டுமுனை என்பது ஆப்பு, அதாவது சாய்தளம். 84 மில்லிமீட்டர் நீளமும் 28 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முனை 6 மில்லிமீட்டர் முன்னேறும்போது ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிமீட்டர்தான் அகலமாகிறது. 30 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட குட்டை முனை, 2 மில்லிமீட்டர் முன்னேறுவதற்குள் அதே 1 மில்லிமீட்டரைத் திறந்தாக வேண்டும். அதே திசு, அதே வேலை. ஆனால் குட்டை முனை அதைக் குறைந்த தூரத்தில் முடிக்க மூன்று மடங்கு விசையைக் கேட்கிறது. ஒவ்வொரு கூடுதல் பிளேடும் இந்தக் கேட்பைக் கூட்டும். 1938இல் வெளிவந்த ராபின் ஹூட் படத்துக்காக அம்பெய்த ஹோவர்ட் ஹில், நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதற்கு இந்தச் சாய்தளக் கணக்கே போதுமான நியாயம். பட்டவுடன் விரியும் முனைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிளேடுகளை விரிக்கும் ஆற்றலும் அந்த 50 ஜூலிலிருந்துதான் கழிய வேண்டும். காம்பவுண்டு வில்லுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகலாம், பழைய வில்லுக்கு ஆகாது.

வடிவத்துக்கு அடுத்தது கூர்மை, அல்லது அதற்கு முன்னதே கூர்மைதானோ என்னவோ. இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி சாக்ஸ்டன் போப். அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர். 1911இல் ஓரோவில் நகருக்கு அருகே தனியாக வெளிப்பட்ட யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி, சான்ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்தபோது போப் அவருக்கு மருத்துவராகி, பிறகு வில்வித்தையில் அவருக்கே மாணவரானார். இஷி காசநோயால் 1916இல் இறந்தார். போப் 1923இல் வெளியிட்ட ஆய்வில், தோல் போர்த்தி உள்ளே ஈரல் நிரப்பிய பெட்டியில் எஃகு முனையையும் அப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடி முனையையும் எய்து ஒப்பிட்டார். கண்ணாடி முனையே ஆழமாகப் போனது. உறுதியில் எஃகின் பக்கத்தில் நிற்க முடியாத பொருள், வெறும் விளிம்பின் நுண்மையால் அதை முந்தியது. மறுப்பாக ஒன்று சொல்லலாம்: ஈரலில் எலும்பு இல்லையே? உண்மைதான். எலும்பில் பட்டால் கண்ணாடி நொறுங்கிவிடும், அதனால்தான் இன்று எவரும் எல்க்குக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மென்திசுவில் ஆழம் என்பது கூர்மையின் பிள்ளை என்ற முடிவை அந்த மறுப்பு தொடவில்லை.

கூர்மையின் பயன் ஆழத்தோடு முடிவதுமில்லை. நசுங்கியோ கிழிந்தோ அறுபட்ட தமனி சுருங்கி, முனை உள்ளிழுத்துக்கொண்டு, ரத்தப்போக்கைத் தானே அடக்கப் பார்க்கும். சேதமடைந்த திசு, ரத்தம் உறைவதைத் தூண்டும் பொருள்களையும் வெளியிடும். சவரக்கத்தியால் அறுபட்ட தமனிக்கு இந்தத் தற்காப்பு அவ்வளவாக வாய்ப்பதில்லை. விபத்துச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை இது. மழுங்கிய முனை திசுவை அறுப்பதற்குப் பதில் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும். நுரையீரலின் மீள்தன்மையுள்ள சிறு குழாய்கள் அதற்கு வழிவிட்டு நகர்ந்துவிடும். இணைசேரும் காலத்து ஆண் எல்க் தன் சிறுநீர் கலந்த சேற்றில் புரண்டு எழும் பழக்கமுள்ளது. அந்தச் சேறு காய்ந்து ரோமத்தில் மண்துகளாக ஒட்டியிருக்கும். முனை முதலில் கடப்பது அந்தத் துகளை, பிறகு ரோமத்தை, பிறகு தடித்த தோலை, பிறகு விலா எலும்பை. நுரையீரலை எட்டும்போது விளிம்பில் எவ்வளவு கூர் மிச்சமிருக்கிறது என்பதே கேள்வி. கடையில் வாங்கிய மெல்லிய பிளேடு முதல் நாள் சவரம் செய்யும். எலும்பில் உரசியபின் செய்யாது. கூரைப் பிடித்துவைக்கும் அளவுக்குக் கடினமான, உடைந்துபோகாத அளவுக்கு இளக்கமான எஃகு வேண்டும். விரல்களிடையே லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டின் மேல் விளிம்பை மெல்ல வைத்து, அழுத்தாமலே அறுகிறதா என்று பார்ப்பது வேட்டைக்காரர்களின் சோதனை. காகிதத்தை வெட்டுவதைவிட இது கடுமையானது, ஏனென்றால் ரப்பரும் தமனியைப்போல நழுவப் பார்க்கும்.

இயற்பியல் படித்த வாசகர் இந்த இடத்தில் ஒரு தடை எழுப்பலாம். ஊடுருவும் ஆழம் என்பது செய்யப்பட்ட வேலை. வேலைக்கு ஆதாரம் ஆற்றல். அப்படியானால் வேகத்தைக் கூட்டினால் ஆற்றல் இருபடியாகக் கூடுமே, கனமான அம்பையும் ஒடுங்கிய முனையையும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? தடுக்கும் விசை மாறாமல் இருந்தால் இந்தத் தடை நியாயமானது. ஆனால் ஈரமான திசுவின் தடையில் ஒரு பகுதி, வேகம் ஏற ஏறத் தானும் ஏறுகிறது. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் 26 கிராம் காம்பவுண்டு அம்பில் 94 ஜூல் இருக்கிறது, நம் அம்பைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. உந்தமோ 13 விழுக்காடுதான் கூடுதல். வேகம் 1.7 மடங்கானதால், வேகத்தின் இருபடிக்கேற்ப வளரும் தடைப்பகுதி ஏறத்தாழ 3 மடங்காகிவிட்டது. ஆற்றல் மட்டும், உந்தம் மட்டும் என்று எந்தக் கட்சியும் முழு உண்மையைச் சொல்லவில்லை. நல்லவேளையாக, பழைய வில் வைத்திருப்பவர் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அதே 50 பவுண்டு வில்லில் 26 கிராம் அம்பு நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் போனால் அதில் இருப்பது 44 ஜூல், உந்தம் 1.5, 39 கிராம் அம்பில் 49 ஜூல், உந்தம் 1.95. லேசான அம்பை விடும்போது வில்லின் கைகள் தம்மையே அசைத்துக்கொள்வதில் அதிக ஆற்றலை வீணாக்குகின்றன. இரண்டு அளவுகோலிலும் கனமான அம்பே முன்னே நிற்கிறது.

அடுத்து எலும்பு. விலா எலும்பை நல்ல முனை எளிதில் கடந்துவிடும். ஆபத்து, குறி ஒரு சாண் முன்னே தப்பும்போது எதிர்ப்படும் தோள்பட்டை எலும்பில் இருக்கிறது. அதன் மேல்தகடு மெல்லியது; நடுவில் ஓடும் வரம்பும் மூட்டை ஒட்டிய கழுத்தும் தடித்தவை. இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் தொடங்கி, பிறகு ஆஸ்திரேலியாவில் ஆசிய எருமைகள்மீதும் எய்து பல ஆண்டுகள் அளந்து பதிவு செய்தவர். கடினமான எலும்பைக் கடக்க மொத்த அம்பின் எடை 650 கிரெய்ன் அளவையாவது எட்ட வேண்டும், முனை நீண்டு ஒடுங்கிய இரண்டு பிளேடாக இருக்க வேண்டும், முனை குழலின் விட்டம் தண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பவை அவருடைய முக்கிய முடிவுகள். மறுப்பாளர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது: இவை பெரும்பாலும் தனி மனிதரின் பதிவுகள், ஆய்விதழ்களின் கடும் சோதனையைக் கடந்து வந்தவை இல்லை, எருமையின் விலாவுக்கும் எல்க்கின் விலாவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே 650 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அவர் முடிவுகளின் திசை, சாய்தளக் கணக்கும் உந்தக் கணக்கும் தனியாகக் காட்டும் திசையோடு ஒத்துப்போகிறது. அதுவே அவற்றை நம்ப வலுவான காரணம். ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய விளிம்பு அம்பைத் திசுவுக்குள் திருகி எலும்பைப் பிளக்கும் என்பதும் அவர் பரப்பிய கருத்து. விளிம்பின் சாய்வும் இறகின் சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் அது உதவும், எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். பயனுள்ளதுதான், ஆனால் கூர்மையோடும் நீளத்தோடும் ஒப்பிட்டால் இரண்டாம் வரிசைச் சங்கதி.

மூன்று பிளேடு முனைக்காரர்களின் வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு பிளேடு போடும் கீறல் மூடிக்கொள்ளும், மூன்று பிளேடு போடும் முக்கோணத் துளை திறந்தே கிடக்கும், ரத்தத் தடயம் கூடும் என்கிறார்கள். தோலைப் பொறுத்தவரை இது சரி. தட்டையான அரத்தின்மேல் இரண்டு விளிம்புகளையும் ஒன்றாகக் கிடத்தித் தேய்த்தால் போதும், தீட்டுவதும் சுலபம். ஆனால் அந்தச் சுலபத்துக்கு விலை உண்டு: அப்படிக் கிடத்தித் தீட்டினால் விளிம்பின் கோணம் வடிவியல்படி 60 பாகை என்றாகிவிடும். ஒருபக்கச் சாய்வுள்ள இரண்டு பிளேடு முனையை 25 பாகைக்கே தீட்டலாம். 60 பவுண்டுக்கு மேல் இழுக்கும் நீண்ட கைகள் உள்ளவருக்கு நீளமான மூன்று பிளேடு முனை நன்றாகவே வேலை செய்யும்; அங்கேயும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே அதைக் காப்பாற்றுகிறது. 45 அல்லது 50 பவுண்டுக்கு அந்த உபரி கிடையாது.

எந்த முனையானாலும் அம்பு நேராகப் போனால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும். விரலால் விடும் நாண் அம்பை வில்லின் உடலைச் சுற்றி வளைத்தே அனுப்புகிறது. பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படங்களில் இந்த நெளிவைப் பதிவு செய்து காட்டினார். நெளிவு அடங்குமுன் மானில் படும் அம்பு, தன் ஆற்றலின் ஒரு பகுதியைத் தண்டின் அசைவிலேயே செலவழித்துவிடும். முனையை 125 கிரெய்னிலிருந்து 200க்கு ஏற்றினால் தண்டு அதிகம் வளையும், எனவே இன்னும் விறைப்பான தண்டு வேண்டும். முனை கோணலாக ஒட்டியிருந்தால் அதன் தகடுகளே காற்றில் இறக்கைபோல் அம்பைத் திருப்பும். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் ஊன்றித் தண்டைச் சுழற்றினால் கோணல் உடனே கையில் தெரியும்; தெரிந்தால் பசையைச் சூடாக்கி மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்த நமக்கு, மானைக் கொல்வதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று தோன்றுவது இயல்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் எல்க் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. இன்று 10 லட்சம் அளவில் இருக்கிறது. அந்த மீட்சியில் உரிமக் கட்டணமும் அளவுகட்டிய வேட்டையும் பங்கு வகித்தன. அந்த ஏற்பாடு சரியா என்பது தனி விவாதம். வேட்டை நடக்கும்வரை, மெல்லிய அகன்ற முனைக்கும் நீண்ட கூரிய முனைக்கும் இடையிலுள்ள தேர்வு, மானின் பக்கமிருந்து பார்த்தால் சில நொடிகளுக்கும் சில நாள்களுக்கும் இடையிலுள்ள தேர்வு. வேட்டையை வெறுப்பவருக்கும் இதில் அக்கறை இருக்க இடமுண்டு.

கொலராடோவின் விதி, வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு, முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீட்டர், எஃகு வெட்டுவிளிம்பு குறைந்தது இரண்டு என்கிறது. 35 பவுண்டு வில் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 35 ஜூல். அவருக்கு நான்கு பிளேடும் இல்லை, மூன்று பிளேடும் இல்லை. சட்டம் கேட்கும் அகலத்தைக் கொஞ்சமே தாண்டிய 25 மில்லிமீட்டர் இரண்டு பிளேடு முனை, அதைப்போல் மூன்று மடங்கு நீளம், வில் தாங்கும் அளவுக்குக் கனமான அம்பு. தூரத்தையும் அவர் குறைத்துக்கொள்ள வேண்டும். 18 மீட்டர் கடக்க அம்புக்கு 0.36 நொடி ஆகும், நாணொலியோ 0.05 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் எல்க் அரை அடி எடுத்துவைத்தாலே நுரையீரல் இருந்த இடத்தில் வயிறு வந்துவிடும். 12 மீட்டருக்குள் வராத மானை அவர் போகவிட வேண்டும். முன்பக்கமாக நிற்கும் மானையும், எந்தத் தூரமானாலும்.